715 ரூபாய் நம்மகிட்ட ஏது?

ஐந்தாம் வகுப்பில் மகளுக்குக் கணக்கு ஸ்லிப் டெஸ்ட் உள்ள நாளென்றால் காலையிலேயே வயிற்று வலி. கணக்கு டெஸ்ட் இல்லாத நாளில் அந்த வலி வராது. "வாய் கிழியப் பேசுறா, கணக்குன்னா மட்டும் சோம்பேறித்தனம்" என்றது பள்ளி. டியூஷன் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். அங்கேயும் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லி நேரம் பார்த்ததில் பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

குழந்தைகள் மருத்துவர் சொல்லி ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியையைப் பார்த்தோம். அவர் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேஜையில் பொத்தான்களைப் போட்டு எத்தனை என்று கேட்டார். ஐந்து பொத்தான்களை இவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் எண்ணினாள். "எழுத்தும் கொஞ்சம் தடுமாறுது, எண்ணும் தடுமாறுது. முதல்ல பயத்தை எடுப்போம்" என்றார். பயம் வந்தால் கணக்கை மனதில் பிடித்து வைக்கும் இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளுமாம். கூட்டும்போது மேலே வைக்க வேண்டிய 1 எங்கே போகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு அவர் வைத்த விதிகள் கொஞ்சம்தான். தினம் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. டைமர் கூடாது. அவளுக்குத் தெரிந்த கணக்கோடுதான் முடிக்க வேண்டும். எழுதக் கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம்.

முதல் மாற்றம் 47 + 38-ல் வந்தது. எப்போதும் போல 7-ம் 8-ம் 15, 4-ம் 3-ம் 7 என்று 715 எழுதினாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. பத்து ரூபாய் நோட்டுகளையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் எடுத்து 47 ரூபாய் ஒரு பக்கம், 38 ரூபாய் ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். வைத்தாள். சேர்த்தாள். நோட்டைப் பார்த்தாள், பணத்தைப் பார்த்தாள். "அம்மா, 715 ரூபாய் நம்மகிட்ட ஏது?" என்று அவளே சிரித்துவிட்டாள். பத்து நாணயத்தைக் கொடுத்து ஒரு நோட்டு வாங்கிக்கொண்டாள். எட்டு நோட்டு, ஐந்து நாணயம். கணக்கு போடும்போது அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டோம். அவளுக்கு 2, 5, 10 தெரியும். ஏழு எட்டு எவ்வளவு என்றால், ஐந்து எட்டு 40, இரண்டு எட்டு 16, ஆக 56. மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். ஒப்பித்தால்தான் கணக்கு வரும் என்று சொல்லும் உறவினர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். உடம்புக்கு நல்லது.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கும் வேலை தனி அலைச்சல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியா (வாசிப்பு, எழுத்தில் தடுமாற்றம்), டிஸ்கால்குலியா (எண், கணக்கில் தடுமாற்றம்) இரண்டும் அதில் அடக்கம். எட்டு வயது நிறைந்த பிறகுதான் சான்றிதழ் தருகிறார்கள். அரசு மருத்துவமனையில் அறிவுத்திறன் சோதனையும், வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் வைத்தார்கள். பள்ளியிலிருந்து கடிதம், பழைய விடைத்தாள்கள், கணக்கு நோட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. அடித்தல் திருத்தலோடு இருக்கும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மருத்துவர் முதலில் புரட்டிப் பார்த்தது அதைத்தான். காகிதம் கைக்கு வந்ததும் பள்ளியின் பேச்சும் மாறியது. தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள், கட்டம் போட்ட தாளுக்கும் சரி என்றார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடச் சொல்கிறார்கள்.

இப்போது ஏழாம் வகுப்பு. கணக்கு பிடிக்குமா என்றால் பிடிக்காது என்றுதான் சொல்வாள். ஆனால் டெஸ்ட் நாளிலும் இட்லி ஒழுங்காக இறங்குகிறது. முள் கடிகாரத்தில் மணி பார்க்கப் பழக்குகிறோம். கால், அரை வரை வந்தாயிற்று. முக்கால் இன்னும் தகராறுதான்.