கேம் குழு தூங்கிவிட்டதா? ஒரு பதிவேடு வைத்துப் பார்த்தது

தஞ்சாவூரில் ஒருவர், கும்பகோணத்தில் இருவர், மன்னார்குடியில் ஒருவர், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மயிலாடுதுறைக்காரர் ஒருவர். இப்படி ஊருக்கொருவராக உட்கார்ந்து கோடோ (Godot) என்ற இலவச மென்பொருளில் கேம் செய்யும் குழுக்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரே புலம்பல் கேட்கும்: "குரூப் செத்துப்போச்சுப்பா." பெரும்பாலும் அது உண்மையில்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்பதற்காக ஆறே வற்றிவிட்டது என்று சொல்லிவிடுவது மாதிரியான பேச்சு அது. எது குறைந்தது, எப்போது குறைந்தது, ஏன் குறைந்தது என்று வாரவாரியாக எழுதி வைத்துப் பார்த்ததில் தேறிய விஷயங்களும், எண்ணும்போது விழுந்த பிழைகளும் இங்கே.

முதலில் எதை எண்ணுவது. அரட்டையில் விழும் செய்திகளை எண்ணினால் ஏமாந்துபோவோம். பேச்சு ஏறுகிற வாரமும் வேலை ஏறுகிற வாரமும் ஒன்றாக வருவது அபூர்வம். வேலை மும்முரமாக நடக்கும்போது யாரும் பேசுவதில்லை, வேலை நின்றபிறகுதான் "அடுத்து என்ன பண்ணலாம்" என்ற விவாதம் களைகட்டும். எழுதிய வரிகளை எண்ணுவது அதைவிட மோசம். உதாரணத்துக்கு, 2025 மார்ச்சில் வந்த கோடோ 4.4-க்குப் பழைய புராஜெக்டை மாற்றினால் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பக்கத்தில் ஒரு யுஐடி கோப்பு (அதன் அடையாளக் குறியைத் தாங்கும் சின்னக் கோப்பு) முளைக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் கமிட் செய்ய (மாற்றங்களை வரலாற்றில் பதிய) வேண்டும். அந்த ஒரு நாள் கணக்கில் மலை மாதிரி எழும், ஆனால் கேமில் ஒரு பொத்தான்கூட மாறியிருக்காது.

அதனால் பதிவேட்டில் நான்கே பத்தி. வாரம், அந்த வாரம் ஒரு கமிட்டாவது போட்டவர்கள் எத்தனை பேர், விளையாடிப் பார்க்கக்கூடிய பில்டு வெளிவந்ததா இல்லையா, காரணம். கடைசிப் பத்திதான் முக்கியம், எல்லாரும் காலியாக விடுவதும் அதைத்தான். "மின்தடை", "செமஸ்டர்", "நடவு", "பொங்கல்" என்று ஒரே சொல் போதும். ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து யோசித்தால் நினைவுக்கு வராது, ஞாயிறு இரவே எழுதிவிட வேண்டும்.

ஆட்களை எண்ண, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளின் ஷார்ட்லாக் கட்டளையே போதும், பெயர்வாரியாகக் கமிட் எண்ணிக்கையைக் கொட்டிவிடும். ஆனால் அப்படியே நம்பக்கூடாது. ஒரே ஆள் வீட்டுக் கணினியில் ஒரு மின்னஞ்சலும் கல்லூரி மடிக்கணினியில் வேறொன்றும் வைத்திருந்தால் இரண்டு பேராக வருவார். மெயில்மேப் (.mailmap) என்ற கோப்பை ரெப்போவின் (புராஜெக்டின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தின்) மேல்மட்டக் கோப்புறையில் போட்டு, இரண்டு முகவரியையும் ஒரே பெயரில் கட்டினால் சரியாகிவிடும். அடுத்தது, டேட்டாவை மிச்சம் பிடிக்க டெப்த் ஒன்று (கடைசிக் கமிட் மட்டும்) என்று கொடுத்து ரெப்போவை இறக்கியவர் எண்ணினால் மொத்த வரலாறும் ஒரே கமிட்டாகத் தெரியும். வரலாறு வேண்டும், டேட்டாவும் குறைய வேண்டும் என்றால் பிளாப்களை (கோப்புகளின் உள்ளடக்கத்தை) மட்டும் ஒதுக்கும் ஃபில்டரோடு குளோன் செய்ய (பிரதி இறக்க) வேண்டும். பழைய படங்களும் ஒலிகளும் அப்போதைக்கு இறங்காது, கமிட் பட்டியல் முழுசாக வந்துவிடும்.

தேதியிலும் வம்பு உண்டு. ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு தேதி இருக்கிறது, எழுதிய தேதி ஒன்று, கமிட்டான தேதி ஒன்று. கரண்டோ நெட்டோ இல்லாத ஊரில் பத்து நாள் ஆஃப்லைனில் வேலை பார்த்தவர், கடைசியில் ரீபேஸ் செய்து (தன் கமிட்டுகளைக் குழுவின் புதிய நிலைக்கு மேல் திரும்ப அடுக்கி) ஒரே இரவில் தள்ளுவார். கமிட்டான தேதியைப் பிடித்தால் பத்து நாள் வெறுமை, பதினோராம் நாள் வெள்ளம். எழுதிய தேதியைப் பிடித்தால் உள்ளபடி தெரியும். ஸ்குவாஷ் செய்து இணைத்தால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை, பத்துக் கமிட்டும் ஒன்றாகச் சுருண்டுவிடும். அதனால்தான் கமிட்டை விட்டுவிட்டு ஆளை எண்ணுகிறோம்.

வருஷக் கடைசியில் இன்னொரு பொறி. கமிட் தேதியை வாரவாரியாக அச்சிட, தேதி வடிவத்தில் வாரத்துக்குப் பெரிய 'வி' (%V) குறியையும் ஆண்டுக்குப் பெரிய 'ஒய்' குறியையும் சேர்த்துப் போடுவது வழக்கம். 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரக் கணக்கில் அது 2025-இன் முதல் வாரம். 'ஒய்' போட்டிருந்தால் "2024, வாரம் 1" என்று அச்சாகி, ஒரு வருஷம் முந்தைய ஜனவரியோடு போய் ஒட்டிக்கொள்ளும். 'ஒய்'க்குப் பதில் பெரிய 'ஜி' போட வேண்டும். 1970-லோ 2000-த்திலோ ஒரு கமிட் தெரிந்தால் அது மென்பொருள் கோளாறு இல்லை. பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோயிருக்கும். கரண்டு போய் வந்ததும் கடிகாரம் பின்னால் ஓடிவிடும், கூடவே பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் பிழை காட்டும். செல்லை மாற்றினால் இரண்டும் தீரும்.

இப்படிச் சுத்தம் செய்த பதிவேட்டைக் காலண்டர் பக்கத்தில் வைத்தால் டெல்டாவின் வருஷம் அதில் தெரியும். மார்ச் முதல் மே வரை பிளஸ் டூ, செமஸ்டர் என்று மாணவர்கள் காணாமல் போவார்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிறகு ஒவ்வொரு ஆறாகப் பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் குறுவை வேலை வரிசையாகத் தொடங்கிவிடும். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்வார்கள். குழுவில் எல்லாரும் ஒரே வாரத்தில் மறைவதில்லை, தலைமடை ஊர்க்காரர் திரும்பும்போது கடைமடைக்காரர் போயிருப்பார். அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை, அதோடு மின்வெட்டு. தை மாதம் சம்பா அறுவடை. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு பகல் முழுக்கக் கரண்டு நிறுத்தும் நாளையும் குறித்து வைப்பது நல்லது, அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதுதான்.

வெளியிலிருந்து வரும் அலை வேறு வகை. 2020 டிசம்பர் 31-ஓடு, பிரவுசர் கேம்களை ஓட்டிய ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றபோது அதையே நம்பியிருந்தவர்கள் கலைந்தார்கள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் 2.80 பதிப்பு வந்த 2019-இல் அதிலிருந்த கேம் எஞ்சினே எடுக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 12-இல் யூனிட்டி என்ற கேம் எஞ்சின் நிறுவனம், நிறுவல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்தபோது உலகெங்கும் பலர் கோடோ பக்கம் திரும்பினார்கள். அந்தக் கட்டணம் மறு வருஷம் செப்டம்பரில் கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட அலை வந்தால் பதிவேட்டில் ஒரு வினோதம் தெரியும். ஆள் ஏறும், கேள்வி ஏறும், பில்டு இறங்கும். ஏற்கெனவே வேலை தெரிந்த இரண்டு பேரும் பதில் சொல்வதிலேயே தீர்ந்துபோவார்கள். புதிதாக வருபவருக்கு ஒரே ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்துவிடுவது இதற்கு உதவும், ஒரு ஒலியைச் சேர்ப்பது, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவது. செய்து முடித்தவர்கள் தங்குகிறார்கள். படித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்களைப் பிறகு பார்ப்பது கஷ்டம்.

கேம் ஜாம்களை (குறித்த நாட்களுக்குள் ஒரு கேம் செய்து முடிக்கும் நிகழ்வுகளை) இந்தக் காலண்டரில் பொருத்தும்போதுதான் நம் ஊருக்கு எது தோது என்று புரிகிறது. லுடும் டேர் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. ஒன்று தேர்வு, மற்றது மழை. குளோபல் கேம் ஜாம் ஜனவரிக் கடைசியில், பொங்கல் முடிந்த கையோடு வரும். மாணவர்களுக்கு நல்ல நேரம், அறுவடை வீட்டாருக்கு இல்லை. இவற்றில், ஜாவாஸ்கிரிப்டில் பிரவுசர் கேம் செய்யும் ஜேஎஸ்13கே-தான் டெல்டாவுக்கென்றே அமைந்தது மாதிரி இருக்கிறது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை முழு மாதம், மொத்த கேமும் ஜிப் செய்தபின் 13,312 பைட்டுக்குள். ஒரு பகல் கரண்டு போனால் ஒன்றும் குடிமுழுகாது. பெரிய மென்பொருள் எதையும் இறக்க வேண்டாம், போனிலேயே சோதிக்கலாம். வெளி எழுத்துரு இணைக்க அனுமதி இல்லை, ஆனால் ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் அது தடையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். "தஞ்சாவூர்" கண்ணுக்கு ஐந்து எழுத்து, உள்ளே ஒன்பது குறியீடு, 27 பைட். ஜிப் கொஞ்சம் அமுக்கிக்கொடுக்கும் என்றாலும் வசனத்தை அளந்துதான் எழுத வேண்டும்.

ஆட்கள் போவதைத் தடுக்க முடியாது. திரும்பி வரும் நாளில் வழி மறிக்கும் கற்களை எடுத்துப்போடலாம். மூன்று மாதம் கழித்து வந்தவர் முதல் மாலையிலேயே எதையாவது ஓட்டிப் பார்த்துவிட்டால் தங்குவார். "வெர்ஷன் ஒத்துவரவில்லை" என்று வந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் எந்தக் கோடோ பதிப்பு என்று ரீட்மியின் (புராஜெக்டின் அறிமுகக் கோப்பின்) முதல் வரியில் புள்ளி எண்ணோடு எழுதி வைக்க வேண்டும், புதிய பதிப்பில் திறந்து சேமித்ததைப் பழையதில் நம்பித் திறக்க முடியாது. பதிப்பு மாற்றத்தை எல்லாரும் வரப்போகும் வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பாதிப்பேர் இல்லாத நாளில் செய்யவே கூடாது. பில்டு எடுக்கத் தேவையான எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட், கோடோ பதிப்போடு அச்சாக ஒத்துப்போக வேண்டும், அது முக்கால் ஜிபிக்கு மேல். தினம் ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவருக்கு அதுவே ஒரு நாள் தீனி. ஒருவர் இறக்கிப் பென்டிரைவில் கொடுத்தால் போதும், கோப்பிலிருந்து நிறுவும் வசதி எடிட்டரிலேயே இருக்கிறது. கோடோ 4-இல் டாட் கோடோ கோப்புறையை (எடிட்டர் தானே உருவாக்கிக்கொள்ளும் .godot) கிட்டுக்குள் ஏற்றக்கூடாது, ஆனால் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இம்போர்ட் கோப்புகளை (படத்தை எப்படிச் சேர்ப்பது என்ற அமைப்புகளை) விட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம்.

தமிழுக்கென்று தனியாக ஒரு கல். கோடோ 3-இல் எழுத்து வடிவமைக்கும் பகுதி இல்லாததால் "கொ" போன்றவை சிதறும், கொம்பு தப்பான பக்கம் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4.0, எழுத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ்ஸைச் சேர்த்துக்கொண்டது, கோளாறு தீர்ந்தது. இருந்தும் பிரவுசர் பில்டில் வெறும் கட்டங்கள் வரும். காரணம் எளிது. கணினியில் ஓடும்போது இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் இயங்குதளத்தின் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது, பிரவுசரில் அந்த வசதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை புராஜெக்டுக்குள்ளேயே வைத்துத் தீமில் சேர்த்துவிட வேண்டும். வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாவது போலக் காட்டும்போது "கொ"வுக்கு முன் ஒரு கணம் "க" தெரிந்து மறையும். லேபிளில் எழுத்து தெரியும் முறையை, வடிவமைத்தபின் எழுத்தை எண்ணும் வகைக்கு (Characters After Shaping) மாற்றினால் நின்றுவிடும்.

கடைசியாகக் குறிப்புச் சீட்டு. போகிறவர் எழுதி வைக்க வேண்டியது, வருகிறவர் ஒரே மாலையில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "தண்ணீர் சரியில்லை" என்பது சீட்டு ஆகாது. வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனக் கேம் ஒன்றுக்கு எழுதிய சீட்டு இப்படி இருந்தது: "நடு வயலின் மடையைத் திறந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போகணும். இப்போ வலப்பக்கம் ஒரே டிக்கில் கடைசி வயல் வரை ஓடுது, இடப்பக்கம் டிக்குக்கு ஒரு கட்டம்தான். வயல் ஸ்கிரிப்டில் பரவும் ஃபங்ஷனைப் பார்." டிக் என்பது கேமின் ஒரு கணக்குச் சுற்று. பிழை அந்த ஃபங்ஷனில்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு உள்ள வித்தியாசத்தில் கால்பங்கைத் தள்ளுகிறது, ஆனால் தண்ணீர் அளவுகள் இருக்கும் ஒரே வரிசையைப் படித்து அதிலேயே எழுதுகிறது. இடமிருந்து வலமாகச் சுற்றும்போது இப்போதுதான் தண்ணீர் வாங்கிய கட்டம் அதே சுற்றில் அடுத்ததற்கும் கொடுத்துவிடும். பழைய அளவுக்கு ஒரு வரிசை, புதிய அளவுக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டு, சுற்று முடிந்ததும் இரண்டையும் மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் சமமாகப் போகிறது.

பதிவேட்டில் இன்னும் பாக்கி இருப்பது இவ்வளவு: சிங்கப்பூர்க்காரரின் ஞாயிறு நள்ளிரவுக் கமிட்டுகள் அங்கே திங்கள், இங்கே ஞாயிறு என்று வாரம் மாறி விழுகின்றன, எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்டு இல்லாதது நினைவிருப்பதால், அக்டோபர் முதல் வாரமே ரெப்போவின் முழுப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வேறு ஊர்க்காரரிடம் கொடுத்துவைக்க வேண்டும். ஆகஸ்ட் 13-க்கு முன் தமிழ் வசனம் மட்டும் உள்ள ஒரு ஜிப்பை அளந்து, கேமுக்கு எத்தனை பைட் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.