ரெண்டாவது புள்ள எப்போ? அக்ரிமென்ட் முடியட்டும்

இலங்கை மலையகத்துல எங்க தேயிலத் தோட்டத்துல மூத்ததுக்கும் இளையதுக்கும் ஏழெட்டு வருசம் இடைவெளினா நடுவுல ஒரு சவுதியோ குவைத்தோ இருக்கும். அங்க வேலைக்கு அக்ரிமென்ட் ரெண்டு வருசம், இன்னொன்னு போட்டா நாலு.

வெளிநாடு போறதால புள்ள பொறக்குறது தள்ளிப் போகுதுனு சொல்றது பாதி தான், முத புள்ள பொறந்ததால தான் நெறய பேர் போறாங்க. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரே காம்பராவுல மாமியாரோட ஓட்டிறலாம், புள்ள வந்ததும் பால்மா, நேர்சரி, அடகு நகைனு எல்லாம் வரிசையா நிக்கும், நாள் சம்பளம் 1000 ரூபா ஆனதே 2021ல தான், அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தா தான் முழுசா கைக்கு வரும்.

2013ல வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற பொம்பளைங்க குடும்பப் பின்னணி அறிக்கைனு ஒன்னு குடுக்கணும்னு அரசாங்கம் சட்டம் கொண்டு வந்துச்சு. அஞ்சு வயசுக்கு கீழ புள்ள இருந்தா அம்மா அங்க வீட்டு வேலைக்குப் போக முடியாதுனாங்க. அப்புறம் 2022ல அத ரெண்டு வயசாக்குனாங்க. அந்த வயசு நெருங்குறப்ப இன்னொன்னு உண்டாச்சுனா கணக்கு மறுபடி முதல்ல இருந்து தானே, அதனால ஒன்னோட போதும்னு நிறுத்திக்கிட்டவங்களும் இருக்காங்க, சட்டம் போட்டவங்க இத யோசிச்சாங்களானு தெரியல. அப்பா கட்டார் போறப்ப மட்டும் புள்ளைக்கு எத்தன வயசுனு யாரும் கேக்குறதில்ல!

மெடிக்கல்ல கர்ப்பமானு பாப்பாங்க. அதுக்கு மேல சில ஏஜென்ட்டுங்க மூனு மாசத்துக்கு கர்ப்பம் தங்காம இருக்க டெப்போ ஊசியும் போட்டு அனுப்புறாங்க. அங்க என்ன நடந்தாலும் வயித்துல நிக்கக்கூடாதாம். இத எழுதவே கோவம் வருது.

புருசன் போன வீட்டுல வேற தொல்ல, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாச லீவு, அதுக்குள்ள நிக்கலனா பேச்சு வாங்குறது வீட்டுல இருக்குறவ.

ஆனா கடைசில முடிவு பண்றது புருசனும் இல்ல பொஞ்சாதியும் இல்ல, அம்மாயி தான், பொஞ்சாதியோட அம்மா. பகல்ல புள்ளக்காம்பரா, தோட்டத்துப் புள்ளைங்கள பாத்துக்குற எடம், பாத்துக்கும், ராத்திரிக்கு யாரு? அம்மாயி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறத நிறுத்திருச்சா, முழங்கால் வலி இல்லையா, பாஸ்போட் எடுக்கலாம். பக்கத்து லயத்து அம்மாயி மகளப் பாத்து நேராவே சொல்லிருச்சு, “ஒரு புள்ளய நா பாத்துக்குறேன் ஆத்தா, ரெண்டுனா நீயே இருந்து பாத்துக்க.”