பைத்தான் 3.8க்குப் பின் டிஎல்எல் தேடிய அனுபவம்

2023 ஜூனில் பைத்தான் 3.7க்கான ஆதரவு முடிந்ததால், விண்டோஸில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் படச் செயலாக்க நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. வேகம் தேவைப்படும் பகுதிகளைச் சி++ மொழியில் எழுதி, பைத்தான் இம்போர்ட் செய்யக்கூடிய பிஒய்டி கோப்பாகக் கம்பைல் செய்து வைத்திருந்தோம். மறுபடியும் கம்பைல் செய்தபோது ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. ஆனால் இம்போர்ட் வரியிலேயே, டிஎல்எல்லை (விண்டோஸ் நிரல்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் லைப்ரரிக் கோப்பு) ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்ற பிழையோடு நிரல் நின்றுவிட்டது.

பிழைச்செய்தியில் இருந்தது எங்கள் மாட்யூலின் பெயர். அந்தக் கோப்போ இருக்க வேண்டிய ஃபோல்டரிலேயே இருந்தது. கிடைக்காமல் போனது அதுவன்று, அது சார்ந்திருக்கும் வேறொரு டிஎல்எல் என்பதும், அதன் பெயரை அந்தச் செய்தி சொல்லாது என்பதும் புரிய ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் டம்ப்பின் (dumpbin) என்னும் கருவி ஒரு கோப்பின் நேரடிச் சார்புகளை மட்டுமே காட்டும். ஆகவே அதன் பட்டியலில் வந்த பட லைப்ரரியின் மீதும் அதையே ஓட்டிப் பார்த்தபோதுதான், அது தரவுச் சுருக்கத்துக்கான இன்னொரு லைப்ரரியைக் கேட்பதும், அது தனி ஃபோல்டரில் கிடப்பதும் தெரிந்தன.

இரண்டு லைப்ரரிகளின் ஃபோல்டர்களும், விண்டோஸ் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலான பாத் மாறியில் முறையாகவே இருந்தன. 3.7 வரை அது போதும். 2019 அக்டோபரில் வந்த 3.8 முதல், இத்தகைய சார்புகளுக்காகப் பைத்தான் பாத்தையும் நடப்பு ஃபோல்டரையும் பார்ப்பதில்லை. சிஸ்டம் ஃபோல்டர்கள், பிஒய்டி இருக்கும் ஃபோல்டர், நாமே ஓஎஸ் மாட்யூலின் ஆட்_டிஎல்எல்_டைரக்டரி மூலம் சேர்த்தவை ஆகியவற்றில் மட்டுமே தேடுகிறது. பாத்தில் உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் அதே பெயருடைய வேறு கோப்பு இருந்தால் அது ஏறிவிடும் என்பதால், இந்தக் கட்டுப்பாடு தேவையானது என்றே கருதுகிறேன்.

எங்கள் பேக்கேஜ் ஏறும்போது முதலில் ஓடும் இனிட் கோப்பில், மாட்யூலின் இம்போர்ட் வரிக்கு முன்பாக ஆட்_டிஎல்எல்_டைரக்டரி அழைப்பை எழுதினேன். ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுக்காமல், நடப்பு ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதையைக் (relative path) கொடுத்ததால் 87 என்ற பிழை எண் வந்தது. இனிட் கோப்பின் இடத்திலிருந்து முழுப் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தவுடன் மாட்யூல் ஏறியது.

பிறகு, புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினியில் சோதித்தபோது மீண்டும் அதே பிழை வந்தது. இம்முறை இல்லாதது, சி++ நிரல்களுக்கு வேண்டிய மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல். விஷுவல் ஸ்டூடியோ இருந்ததால் என் கணினியில் அந்தக் குறை தெரியவே இல்லை. டெல்வ்வீல் கருவியைக் கொண்டு தேவையான டிஎல்எல்கள் அனைத்தையும், பைத்தான் பேக்கேஜை நிறுவப் பயன்படும் வீல் கோப்புக்குள்ளேயே சேர்த்துக் கட்டிய பின், அதே கணினியில் இம்போர்ட் பிழையின்றி நடந்தது.