ஒரு காது மட்டும் மந்தமானால்

வயது ஏற ஏற இரண்டு காதுகளும் ஒருசேர மந்தமாவது இயல்பு; ஒரு காது மட்டும் மந்தமானால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. என் அத்தைக்கு வலக்காதில் தொலைபேசிக் குரல் நன்றாகவே கேட்டது, ஆனால் பேசுபவர் சொல்வது என்னவென்று விளங்கவில்லை. ஒலி கேட்டும் சொல் பிடிபடாத இந்த நிலை, கோளாறு செவி நரம்பில் இருக்கக்கூடும் என்பதற்கான முக்கியமான அறிகுறி.

எட்டாம் கபால நரம்பான அது, உண்மையில் இரண்டு வேலைகளைச் சுமக்கும் ஒரே கட்டு. உட்செவியில் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் காக்ளியாவிலிருந்து சுமார் 30,000 இழைகள் ஒலியைக் கொண்டுவர, மூன்று அரைவட்டக் குழல்களிலிருந்தும் அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளிலிருந்தும் வரும் இழைகள் (இவையே சமநிலை நரம்பு) தலையின் அசைவையும் சாய்வையும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. இவை எல்லாம் முக நரம்போடு சேர்ந்து, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் வழியாக மூளைத்தண்டை அடைகின்றன. அந்தக் குழாயில் கூடுதலாக எதற்கும் இடமில்லை.

அங்கே வளரக்கூடியதுதான் வெஸ்டிபுலர் ஷ்வானோமா. சமநிலை நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களில் தோன்றும் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. சமநிலை நரம்பில் பிறந்தாலும் பெரும்பாலானோர் முதலில் சொல்வது காது மந்தத்தையும் இரைச்சலையும்தான். ஏனென்றால் கட்டி மெதுவாக வளர்வதால், மூளை மறுகாது, கண், கால் ஆகியவற்றின் தகவலைக் கொண்டு சமநிலைக் குறையை ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. அதே நரம்பு திடீரென அழற்சியுற்றால் நடப்பதே வேறு: உலகமே சுழலும், வாந்தி நிற்காது, கண்கள் தாமாகத் துடிக்கும், ஆனால் கேட்கும் திறன் குறையாது. அந்த வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் சில நாட்களில் தணியத் தொடங்கும். தலைசுற்றல் மாத்திரையை முதல் சில நாட்களோடு நிறுத்திவிட்டு எழுந்து நடமாடுவதே மூளை விரைவில் பழக உதவும். ஆனால் சுழற்சியோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அத்தையைப் பார்த்த மருத்துவர் முதலில் எடுத்தது 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதை அதிரவிட்டு நெற்றி நடுவில் வைத்தார். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அடைத்த பக்கமே ஒலி உரக்கக் கேட்கும். உட்செவியோ நரம்போ கெட்டிருந்தால் நல்ல காதின் பக்கம் ஒதுங்கும். அத்தை இடப்பக்கம் கை காட்டினார். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும் அதையே உறுதிசெய்ய, சாய மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ. சிறிய கட்டியைக் காட்டியது. கட்டி என்றதும் கத்தியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. சிறியதாக இருந்தால் குறித்த இடைவெளியில் படமெடுத்துக் கண்காணிப்பதும், வளர்ந்தால் கதிர்வீச்சும், பெரிதானால் அறுவையும் வழிகள். அறுவையில் முக நரம்பைக் காப்பதே பெரும் சவால்.

மிக அரிதாக, 22ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 மரபணுக் கோளாற்றால் இருபுறமும் கட்டி வரும். இரு நரம்புகளும் அழிந்தவருக்கு, காக்ளியாவுக்குள் மின்முனை பொருத்திக் கேட்கவைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் பயன்படாது. அந்தக் கருவிக்கும் நரம்பு வேண்டுமே. அதனால்தான் 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸும் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் நரம்பையே தாண்டி, மூளைத்தண்டின் மீது நேரடியாக மின்முனையைப் பொருத்தினார்கள்.