ஆடியில் தேடி, ஆவணியில் எடுத்த கூறை

தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் உடுத்தும் புடவைதான் கூறை. ரொறன்ரோவில் அது கிடைக்காமல் இல்லை. ஸ்காபரோவில் பட்டுப்புடவைக் கடைகளுக்குக் குறைவும் இல்லை. ஆனாலும் என் கூறையைக் காஞ்சிபுரத்திலேயே போய் எடுக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டிருந்தேன். அந்த ஆசைக்கு முதலில் தலையசைத்தவர் என் வருங்கால மாமி. எங்கள் யாழ்ப்பாண வழக்கத்தில் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமை. மணப்பெண் வேறொரு புடவையில்தான் முதலில் மணவறைக்கு வருவாள். கூறையும் தாலியும் வைத்த தட்டு பெரியவர்களின் ஆசிக்காகச் சபையைச் சுற்றி வரும். அதன்பிறகு அவள் உள்ளே போய்க் கூறையை உடுத்தி வந்த பின்னரே தாலி கட்டுவார்கள். அப்படிப்பட்ட புடவையை மாமியும் நானும் சேர்ந்தே தேடினோம் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

நான் பள்ளியில் வேலை செய்கிறேன். எனக்கு நீண்ட விடுமுறை என்றால் ஜூலையும் ஆகஸ்டும்தான். அந்த மாதங்களில்தான் ஆடி வருகிறது. "ஆடியில் கூறை எடுக்கக் கூடாது, பிள்ளை" என்று மாமி ஒரே பிடியாக நின்றார். செப்டம்பர் தொடக்கத்தில் நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆவணி பிறப்பதோ ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு. கடைசியில் ஒரு வழி கண்டோம். ஆடியில் பார்ப்பது, விலை கேட்பது, தொட்டுப் பழகுவது. காசு கொடுப்பது ஆவணியில் ஒரு நல்ல நாளில். வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறையில் வருகிறவர்களுக்கு இதையே சொல்வேன். அவசரமில்லாமல் பார்க்கக் கிடைத்த அந்த இடைவெளிதான் எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

முதலில் சென்னை தியாகராய நகர். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் உஸ்மான் சாலையில் நடக்கவே இடமில்லை. ஆனால் பெரிய கடைகளின் மேல்மாடியில், முகூர்த்தப் பட்டு விற்கும் பகுதி ஓரளவு அமைதியாக இருந்தது. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை அல்லவா? விற்பனையாளர்கள் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார்கள். அங்கே நாங்கள் எதையும் வாங்கவில்லை, கண்ணைப் பழக்கிக்கொண்டோம்.

பழகிய கண்ணுக்கு முதலில் பிடிபட்டது கோர்வை. கைத்தறியில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், அவற்றுக்குத் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு இழை, ஓடும். இரண்டும் சேரும் கோட்டில் நூலோடு நூல் மாட்டிக்கொள்ளும். புடவையைத் திருப்பி அந்தக் கோட்டை விரலால் தடவினால் அந்தப் பிணைப்பு கையில் படும். ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டையை நாடா என்பார்கள். ஒரே நாடாவில் குறுக்கே ஓட்டிய புடவையில் கரைக்குள் உடலின் நிறம் கலந்து தெரியும். முந்தானை உடலோடு சேரும் இடத்தையும் இப்படியே பார்க்க வேண்டும்.

ஜரிகைதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்கமுலாம் பூசியது. செம்புக் கம்பியில் செய்ததும் உண்டு, பிளாஸ்டிக் இழையும் உண்டு. புதிதாக இருக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி மின்னும். "சில்க் மார்க்" முத்திரை இருக்கிறதே என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த முத்திரை பட்டு தூயதா என்பதற்கு மட்டுமே உறுதி. ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு கடையில் "சுத்த வெள்ளி ஜரிகை அம்மா" என்று அடித்துச் சொன்னார்கள். அதையே பில்லில் எழுதித் தாருங்கள் என்றேன். "அப்படி எழுதுகிற வழக்கம் இல்லை" என்றார்கள். மாமி மறு பேச்சில்லாமல் எழுந்துவிட்டார். அன்று முதல் எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

காஞ்சிபுரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காரில் போனோம். ஓட்டுநர் தனக்குத் தெரிந்த ஒரு கடையின் பெயரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் காந்தி சாலையில் இறக்கிவிடச் சொல்லி நடந்தோம். தனியார் கடைகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்குப் போனோம். அங்கே அட்டையில் போட்ட விலைதான், பேரம் கிடையாது. பேரம் பேசத் தெரியாத எனக்கு அது பெரிய ஆறுதல். ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. சோதித்துக் காட்ட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். லட்ச ரூபாயைத் தொடும் புடவைக்கு அந்தக் கேள்வியால் யாருடைய மரியாதையும் குறையாது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் தறி பார்க்கவும் வாய்த்தது. குழித்தறியில் வீட்டுக்காரர் நெய்ய, மறுபக்கக் கரைக்கு அவருடைய மனைவி நாடா கொடுத்துக்கொண்டிருந்தார். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும்; ஒருவரே நெய்துவிட முடியாது. தறியில் அப்போது இருந்ததும் ஒரு முகூர்த்தப் புடவைதான். அது யாருக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. "கட்டிக்கிற பொண்ணு நல்லா இருக்கணும்" என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல். அந்த உழைப்பைக் கண்ட பிறகு விலை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். கூறை சிவப்பு என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சிவப்பு என்பதுதான் பேச்சு. மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் காட்டினால் அரக்கு பழுப்பாகவும் குங்குமச் சிவப்பு செம்மஞ்சளாகவும் தெரிந்தன. கைப்பேசித் திரையை நம்பி நிறம் முடிவு செய்ய வேண்டாம். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். பிறகு உள்ளே மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தோம். எங்கள் கல்யாணம் மண்டப விளக்கில் நடக்கப் போவதால் இரண்டாவதற்கே அதிக மதிப்புக் கொடுத்தேன். கனத்தையும் பாருங்கள். உடல் முழுக்க ஜரிகை ஓடும் புடவை அழகுதான், ஆனால் ஓமத்தீயின் அருகே அமர்ந்து, எழுந்து, வலம் வர வேண்டியவள் நான். ஆகவே உடலில் மெல்லிய கட்டமும், கரையிலும் முந்தானையிலும் மட்டும் நிறைந்த ஜரிகையும் உள்ள குங்குமச் சிவப்பைத் தெரிவு செய்தோம். ஆவணியில் மீண்டும் போய், மாமி தன் கையால் காசு கொடுத்து வாங்கி என்னிடம் காட்டினார். பில்லில் ஜரிகையின் தரமும் எழுதியிருந்தது.

ஃபால்ஸ் தைப்பதும் முந்தானைக் குஞ்சம் முடிவதும் விரைவில் முடிந்தன. ரவிக்கைக்குத்தான் நாள் போதவில்லை. ஆரி எம்பிராய்டரி வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டு, கரை மட்டும் வைத்துத் தைத்தோம். கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருப்பதால் உள்தையலில் துணி தாராளமாக விடச் சொன்னேன். புடவையைப் பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையில் எடுத்து வந்தோம். பெட்டியில் போட மனம் ஒப்பவில்லை. வீட்டிலும் அதே துணியில்தான் இருக்கிறது. ஜரிகை மடிப்பில் முறியாமல் இருக்க அவ்வப்போது பிரித்து மாற்றி மடிக்கிறோம்.

கனடாவுக்குத் திரும்புகிறவர்கள் சுங்கத்தையும் கணக்கில் வையுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு 800 கனடிய டாலர் வரையான பொருளுக்கு வரியில்லை. அது ஆளுக்கு ஆள் தனி. இரண்டு பேரின் சலுகையைச் சேர்த்து ஒரே புடவைக்குக் காட்ட முடியாது. கூறை அந்த வரம்பைத் தாண்டியிருந்ததால் பில்லைக் காட்டி, மீதித் தொகைக்கான வரியைக் கட்டினோம். சென்னையில் பட்ஜெட் போட்டபோதே மாமி அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தார்.