குரூப் 4 தமிழ்: ‘தான்’ என்ற சொல்லைப் பிடித்துப் படித்தால்

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால்தான் இலக்கணத்தைத் தலைப்பு தலைப்பாக உருப்போடுவதை விட்டுவிட்டு, ஒரு சொல் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று தேடிப் படித்தேன். அதில் நன்றாகக் கைகொடுத்தது ‘தான்’.

முதலில் அயற்கூற்று, அதாவது ஒருவர் பேசியதை அப்படியே சொல்லாமல் நம் வாக்கியமாக மாற்றிச் சொல்வது. “நான் உன்னைப் பார்க்க வந்தேன்” என்று முருகன் கண்ணனிடம் கூறினான். இதை மாற்றினால், ‘தான் அவனைப் பார்க்க வந்ததாக முருகன் கண்ணனிடம் கூறினான்’ என்று வரும். பேசியவனைக் குறித்த ‘நான்’, ‘தான்’ ஆகிவிட்டது. இங்கே ‘அவன் தன்னைப் பார்க்க வந்ததாக’ என்று ஒரு விடை கண்ணில் பட்டால் உஷார்! வந்தவன் வேறு யாரோ, பார்க்கப்பட்டவன் முருகன் என்று பொருள் தலைகீழாகிவிடும். அவசரத்தில் படிப்பவர்கள் விழுவது இங்கேதான்.

இடைவெளியையும் கவனியுங்கள். ‘கண்ணன்தான் வருவதாகச் சொன்னான்’ என்றால் சொன்னது வேறு யாருமல்ல, கண்ணனே. ‘கண்ணன் தான் வருவதாகச் சொன்னான்’ என்றால் வரப்போகிறவனும் அவனே. முதலாவது அழுத்தம் தரும் இடைச்சொல், அடுத்தது பெயர்ச்சொல். பத்திரிகைகளே இதைக் கண்டுகொள்வதில்லை என்பது வேறு கதை.

ஒருமை பன்மைப் பிழையில் ‘தன்’, ‘தம்’ தெரிந்தால் போதும். பசு தன் கன்றை நக்கியது. பசுக்கள் தம் கன்றுகளை நக்கின. திணை பார்க்க வேண்டாம், எண் மட்டும் பாருங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் ‘தத்தம்’: மாணவர்கள் தத்தம் இருக்கையில் அமர்ந்தனர்.

பிரித்தெழுதுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தன்னாட்சி என்பது தன் + ஆட்சி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததால் இரட்டித்தது. தன்னலம் அப்படியல்ல, தன் + நலம். ந, ன ஆகத் திரிந்தது. தன்னம்பிக்கையும் தன்னிறைவும் இந்த வகை. ‘அலம்’, ‘அம்பிக்கை’ என்றெல்லாம் பிரித்து வைத்திருக்கும் விடையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுத்துவிடும்.

‘தாங்கள்’ வந்தால் வினைமுற்றைப் பாருங்கள். ‘தாங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்பது முன்னிலை மரியாதை. ‘தாங்கள் வருவதாக அவர்கள் சொன்னார்கள்’ என்பதில் அது பெரும்பாலும் படர்க்கை, ‘தான்’ என்பதன் பன்மை.