படிக்கட்டில் ஒரு பூஜ்ஜியம்

குன்னூருக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். கேட்டிலிருந்து வகுப்பறை வரை 19 படிகள். போன வருடம் நடுப்படியில் சாக்பீஸால் 0 எழுதினேன், மேலே +1 முதல் +9 வரை, கீழே −1 முதல் −9 வரை. அதற்குப் பிறகு குறை எண்களைக் கரும்பலகையில் தொடங்குவதையே விட்டுவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடம் வந்ததும் பிள்ளைகள் கேட்பார்கள், "மூணுல இருந்து அஞ்சை எப்படி டீச்சர் எடுக்குறது?" நியாயமான கேள்விதான். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே சொத்து, கடன் என்று வைத்துத்தான் இதற்கு விதி சொன்னார், இன்றைக்கும் நாம் கடனைத்தான் உதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் கடன் என்றதும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு, கணக்குக்காக அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏறுவதும் இறங்குவதும் இங்கே எல்லாருக்கும் பொது.

ஆட்டம் இதுதான். நீலத்தில் ஒரு பகடை, சிவப்பில் ஒரு பகடை. பூஜ்ஜியத்தில் நின்று இரண்டையும் உருட்ட வேண்டும், நீலம் காட்டுகிற அளவு ஏறி, சிவப்பு காட்டுகிற அளவு இறங்க வேண்டும். எந்த முனையை முதலில் தொட்டாலும் வெற்றி. முதல் நாள் எல்லாரும் ஏறி ஏறி இறங்கினார்கள். மூன்றாவது நாள் ஒரு பெண், இரண்டு பகடையிலும் 4 விழுந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "ரெண்டும் சமம்னா நகரவே வேண்டாம்ல டீச்சர்?" என்றாள். நான் எதுவுமே சொல்லித்தரவில்லை! அப்புறம் யாரும் இரண்டு தடவை நடக்கவில்லை, 5-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் போட்டு மூன்று படி மட்டும் ஏறினார்கள்.

குறை எண்ணைக் கழிக்கும்போது பின்பக்கமாக நடக்க வேண்டும், அதைப் படியில் செய்யவே செய்யாதீர்கள். வராந்தாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூட்டல் என்றால் மிகைப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கழித்தல் என்றால் குறைப் பக்கம். எண் மிகை என்றால் முன்னால் நடை, குறை என்றால் பின்னால் நடை. 2 − (−3) போட்டுப் பாருங்கள்: 2-இல் நின்று, குறைப் பக்கம் திரும்பி, பின்னாலேயே மூன்று அடி வைத்தால் 5-இல் நிற்பீர்கள். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று மனப்பாடம் செய்தவர்களைவிட நடந்து பார்த்தவர்கள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள்.

மழை பெய்தால் படியில் பாசி வழுக்கும். அன்றைக்குப் பல்லாங்குழி. 14 குழி, ஒரு குழியிலிருந்து 33 புளியங்கொட்டையை எடுத்து அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டால் கடைசிக் கொட்டை எங்கே விழும்? போட்டுப் பார்க்காமல் சொல்ல வேண்டும். 14-ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே ஐந்தாவது குழி. மீதி என்பது எதற்கு என்று அப்போதுதான் புரிகிறது.

ஏழாம் வகுப்புக்கு விகிதம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலை நாங்கள் தினமும் கேட்கிறோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி உயரம், அதனால்தான் நடுவில் பல் தண்டவாளம். சுவர் மாதிரி இருக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். சரி, நம் பாதையை அளப்போம் என்று 12 அடிக் கயிற்றின் ஒரு முனையை மேட்டில் தரையோடு வைத்து, மறுமுனையைப் பள்ளத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்தோம். கொத்தனார்கள் செய்வது போல, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்த்து, அந்த முனையிலிருந்து கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். தரைக்கு ஒன்றரை அடி. அதாவது 8-க்கு 1. "ரயிலைவிட நாமதான் செங்குத்தா ஏறுறோம்!" என்று ஒரே கூச்சல், இரண்டு பேர் நம்பாமல் மறுபடி அளந்தார்கள், அதே ஒன்றரைதான் வந்தது.

டியூப் இப்போது என்னிடம் இல்லை. ரேஷன் கடைக்கு இறங்கும் குறுக்குப் பாதை இன்னும் செங்குத்து என்று பந்தயம் கட்டி, அளந்து வர எடுத்துப் போயிருக்கிறார்கள்.